துறைமுகத்தைப் பார்க்கும் கோயில்

நிலை 6 – பாடம் 9

வாசிக்க முன்

'ஓ செகூர்!' என்ற பிரெஞ்சுச் சொல் உங்களுக்குத் தெரியும். ஆபத்தில் இருப்பவர் "காப்பாற்றுங்கோ!" என்று கத்துவது அது. 'செகூர்' என்றால் உதவி. தமிழில் உதவிக்கு இன்னொரு சொல் இருக்கிறது: சகாயம். மொன்றியலில் இந்தச் சொல்லைத் தன் பெயரில் வைத்திருக்கும் ஒரு பழைய கட்டடம் உண்டு. பெயர் 'நோத்ர-தாம்-து-பொன்-செகூர்'. தமிழில் 'நல்ல சகாய அன்னை' என்று சொல்லலாம்.

இன்னொரு விசயம். இந்தப் பாடத்தில் 'கோயில்' என்று வரும் இடமெல்லாம் சைவக் கோயில் என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தேவாலயத்தையும் 'கோயில்' எண்டுதான் சொல்லுவார்கள். ஒரு ஊருக்கு அல்லது ஒரு பகுதிக்குரிய கோயில் 'பங்குக் கோயில்'. பழைய மொன்றியலின் பங்குக் கோயில் இரண்டு கோபுரம் உள்ள பெரிய நோத்ர-தாம். அதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இது அந்தப் பங்கைச் சேர்ந்திருந்த சின்னக் கோயில். சின்னது என்றாலும் இதன் கதை நீளமானது.

வாசிப்போம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான், என் மகள், அவளுடைய அம்மம்மா மூன்று பேரும் பழைய மொன்றியலுக்குப் போனோம். அம்மம்மா எனக்கு மாமி. ஷான்-து-மார்ஸ் மெத்ரோ நிலையத்தில் இறங்கி, ஆற்றுப் பக்கமாக நடந்தோம். சென்-போல் வீதியில் பொன்செகூர் சந்தையின் பெரிய வெள்ளிநிறக் குவிமாடம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில்தான் கோயில்.

நான் இங்கே பள்ளியில் படித்தபோது ஆசிரியர் ஒருமுறை எங்களை இங்கே கூட்டி வந்தார். அப்போது எனக்குப் பத்து வயது. அவர் சொன்ன வரலாறு எதுவும் என் காதில் ஏறவில்லை. கூரையில் தொங்கிய கப்பல்கள் மட்டும்தான் நினைவில் இருந்தன.

உள்ளே போனதும் மகளும் அதைத்தான் பார்த்தாள்.

"அப்பா, கோயிலுக்குள்ள ஏன் கப்பல் தொங்குது?"

"அது விளக்கு. வடிவாப் பாருங்கோ, கப்பல் மாதிரிச் செய்த விளக்கு" என்றேன்.

மாமி கேட்டுக்கொண்டு நின்றார். "நேர்த்தி வைச்சிருப்பினம்" என்றார். "கடலில போறவை, சுகமாத் திரும்பி வந்தா விளக்குத் தாறன் எண்டு நேர்த்தி வைக்கிறது. எங்கட ஊரிலயும் உண்டுதானே."

மாமி சொன்னது சரி. முன்பு மொன்றியலுக்கு வருவதற்கு விமானம் இல்லை. அத்திலாந்திக் கடலைக் கடந்து, சென்-லோரன் ஆற்றில் ஏறித்தான் வரவேண்டும். புயல், நோய், பனிக்கட்டி எல்லாவற்றையும் தாண்டி வந்த மாலுமிகள் இங்கே வந்து நன்றி சொன்னார்கள். அதனால் இதற்கு 'மாலுமிகளின் கோயில்' என்று இன்னொரு பெயரும் வந்தது.

(எங்கள் ஆக்களும் ஒருமுறை கடலால் வந்தார்கள். 1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், நியூபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தார்கள். அங்கே இருந்த மீனவர்கள்தான் அவர்களைக் கண்டு காப்பாற்றினார்கள். அதை இன்னொரு பாடத்தில் படிப்போம்.)

பிள்ளைகள் இல்லாத ஊரில் ஓர் ஆசிரியை

இந்தக் கோயிலைத் தொடங்கியவர் ஒரு பெண். பெயர் மார்கரீத் பூர்ஷ்வா. பிரான்ஸ் நாட்டில் த்ருவா என்ற நகரத்தில் 1620ஆம் ஆண்டு பிறந்தார்.

அப்போது மொன்றியலுக்குப் பெயர் வில்-மரி. 1642இல் தொடங்கிய மிகச் சின்னக் குடியிருப்பு. அதன் தலைவர் மெசொன்னேவ் பிரான்சுக்குப் போனபோது, "எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஓர் ஆசிரியை வேண்டும்" என்று கேட்டார். மார்கரீத் சம்மதித்தார். 1653இல் கப்பல் ஏறினார். அந்தக் கப்பல் உளுத்துப்போன கப்பல். நடுக்கடலில் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. திரும்பிப் போய் வேறு கப்பல் எடுத்து வந்தார்கள். வழியில் நோய் வந்து சிலர் இறந்தார்கள். மார்கரீத் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். நவம்பர் மாதம், குளிர் தொடங்கும் நேரம், வில்-மரிக்கு வந்து சேர்ந்தார்.

வந்து பார்த்தால், படிப்பிப்பதற்குப் பிள்ளைகள் இல்லை!

இது பகிடி அல்ல. அந்த ஊரில் பிறந்த குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் வயது வரை உயிரோடு இருப்பது அரிதாக இருந்தது. ஆசிரியை இருக்கிறார், மாணவர் இல்லை. நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? நான் என்றால் அடுத்த கப்பலில் திரும்பிப் போயிருப்பேன். அவர் போகவில்லை. ஐந்து குளிர்காலம் அங்கேயே இருந்தார். மற்ற வேலைகள் செய்தார். 1655 அளவில், ஆற்றங்கரையில், குடியிருப்புக்குக் கொஞ்சம் தூரத்தில் ஒரு சின்னக் கோயில் கட்டுவோம் என்று ஊர்ச்சனத்தைக் கேட்டார். அவர்கள் கல் சேர்த்துக் கொடுத்தார்கள். அத்திவாரம் போட்டார்கள். ஆனால் மேலிடத்தில் இருந்து அனுமதி கிடைக்கவில்லை. வேலை நின்றுவிட்டது.

அதற்குள் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்துவிட்டார்கள். 1658ஆம் ஆண்டு மெசொன்னேவ் அவருக்கு ஒரு கட்டடம் கொடுத்தார். என்ன கட்டடம் தெரியுமா? கல்லால் கட்டிய ஒரு தொழுவம். அதில் மாடுகளும் புறாக்களும் இருந்தன. மார்கரீத் அதைக் கூட்டிக் கழுவினார். ஏப்ரல் 30ஆம் தேதி பள்ளிக்கூடம் தொடங்கியது. கீழே வகுப்பு. மேலே பரணில் நித்திரை. பரணுக்கு ஏற வெளிப்பக்கமாகத்தான் படி. மொன்றியலின் முதல் பள்ளிக்கூடம் அதுதான்.

அடுத்த வருடம் பிரான்சில் இருந்து இன்னும் நான்கு பெண்களைப் படிப்பிப்பதற்குக் கூட்டி வந்தார்.

கோயிலோடு ஒட்டி மார்கரீத்தின் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே அவருடைய வாழ்க்கையைச் சின்னச் சின்னப் பொம்மைகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். தொழுவத்தில் படிப்பித்த கதையை நான் மகளுக்குச் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

"மாடு இருந்த இடத்திலயா படிச்சவை? மணக்கேல்லையா?" என்று அவள் மூக்கைப் பிடித்தாள்.

மாமி சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நானும் மாட்டுக்கொட்டில்ல படிப்பிச்சனான், பிள்ளை."

மகள் நின்றுவிட்டாள். நானும்தான். மாமி ஆசிரியையாக இருந்தவர் என்று எனக்குத் தெரியும். இது தெரியாது.

"உண்மையோ மாமி?"

"ஓம் தம்பி. தொண்ணூற்றைஞ்சில இடம்பெயர்ந்து போனனாங்கள் எல்லோ. சாவகச்சேரிப் பக்கம். அங்க பள்ளிக்கூடம் எல்லாம் சனம். கட்டடத்துக்குள்ள ஆக்கள் இருக்கினம், பிறகு எங்க வைச்சுப் படிப்பிக்கிறது? ஒரு வீட்டுக்காரர் தன்ர மாட்டை வெளியில கட்டிப்போட்டுக் கொட்டிலைத் தந்தார். சாணியால மெழுகி, சாக்கு விரிச்சு இருத்தினன். கரும்பலகை இல்லை. ஒரு கதவைக் கழட்டி வைச்சு எழுதினன்."

1995 ஒக்டோபர் முடிவில் சண்டை காரணமாக இலட்சக்கணக்கான மக்கள் யாழ்ப்பாணப் பகுதியை விட்டு ஒரேயடியாக வெளியேறினார்கள். உங்கள் வீட்டிலும் அந்த நாட்களைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

"சரி, நடவுங்கோ. பின்னால ஆக்கள் வருகினம்" என்றார் மாமி. அதற்கு மேல் அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எரிந்தும் எரியாதது

நின்றுபோன கோயில் வேலைக்கு என்ன நடந்தது? மார்கரீத் அதை மறக்கவில்லை. 1672இல் பிரான்சில் இருந்து திரும்பி வரும்போது சகாய அன்னையின் ஒரு சின்ன மரச்சிலையைக் கொண்டு வந்தார். 1675இல் கல்லுக்கோயில் வேலை தொடங்கியது. 1678இல் முடிந்தது. முதல் அத்திவாரம் போட்டு இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

மார்கரீத் 1700ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இறந்தார். 1982இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. கனடாவின் முதல் பெண் புனிதர் அவர்தான்.

1754ஆம் ஆண்டு கோயில் தீப்பிடித்து எரிந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சாம்பலைக் கிளறிப் பார்த்தபோது அந்த மரச்சிலை எரியாமல் கிடந்தது.

பிறகு சண்டைக் காலம். 1760இல் பிரித்தானியர் மொன்றியலைப் பிடித்தார்கள். நாடே கைமாறிவிட்டது. எரிந்த கோயில் பல வருடம் அப்படியே கிடந்தது. கடைசியில் 1771இல் அதே இடத்தில் திரும்பக் கட்டத் தொடங்கி 1773இல் முடித்தார்கள். இன்று நாங்கள் பார்ப்பது அந்தக் கட்டடம்தான். ஆனால் முகப்பும், ஆற்றுப் பக்கம் உள்ள கோபுரமும் அதற்குப் பிறகு மாற்றிக் கட்டியவை.

அந்தச் சின்னச் சிலை 1831இல் களவு போனது. பிறகு கிடைத்துவிட்டது. இப்போது இடப்பக்கப் பீடத்தில் இருக்கிறது. அதற்குக் கீழேதான் மார்கரீத்தின் கல்லறை. அவருடைய உடலின் எச்சங்களை 2005இல் இங்கே கொண்டு வந்து வைத்தார்கள்.

"நெருப்பில எரியேல்ல, கள்ளரும் திருப்பித் தந்திட்டினம்" என்று மகள் விரல் விட்டு எண்ணினாள்.

"மடு மாதாவும் உப்பிடித்தான் அலைஞ்சவ" என்றார் மாமி. "நாங்கள் சைவம்தான். எண்டாலும் மடுவுக்குப் போறனாங்கள். எல்லாரும் போவினம்."

மடுக் கோயில் இலங்கையில் மன்னார் மாவட்டத்தில், காட்டுக்குள் இருக்கிறது. மொன்றியலில் தொழுவப் பள்ளிக்கூடம் தொடங்கிய அதே 1658இல்தான் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடம் இருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் தங்கள் சமயத்தைக் கடைப்பிடிக்க விடவில்லை. 1670 அளவில் மாந்தை என்ற ஊரில் இருந்து இருபது குடும்பங்கள் மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் ஒளித்தார்கள் என்று மடுவின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. மார்கரீத் தன் சிலையோடு கடலைக் கடந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். 2008 ஏப்ரலில் சண்டை மடுவுக்குக் கிட்ட வந்தபோது, குருமார் சிலையைத் தேவன்பிட்டி என்ற கரையோர ஊருக்குக் கொண்டு போனார்கள். சில மாதம் கழித்து அது மடுவுக்குத் திரும்பி வந்தது.

காய்ச்சல் வந்த வருடம்

கோயிலில் ஓர் ஓவியம் இருக்கிறது. தியோஃபில் ஹமெல் வரைந்தது. பெயர் 'தைஃபஸ்'. அது ஒரு கொடிய காய்ச்சல். 1847இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரிய பஞ்சம். சனம் கப்பல் கப்பலாகக் கனடாவுக்கு வந்தது. கப்பலுக்குள் நெருக்கம், அழுக்கு, பசி. பேன் மூலம் காய்ச்சல் பரவியது. மொன்றியலில் மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரிகளுக்கும் நோய் தொற்றியது. ஓவியத்தில் அவர்களைத்தான் காணலாம். அப்போது ஆயராக இருந்த இஞ்ஞாஸ் பூர்ஜே, நோய் நீங்க வேண்டும் என்று இந்த அன்னையிடம் நேர்த்தி வைத்தார். பிறகு துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மாதா சிலையைக் கோயிலுக்கு மேலே வைத்தார்கள். மாலுமிகள் தூரத்தில் வரும்போதே பார்க்கலாம்.

நிலத்துக்குக் கீழே

1996இல் ஆய்வாளர்கள் கோயிலின் தரைக்குக் கீழே தோண்டத் தொடங்கினார்கள். 1773இல் முடிந்த கோயிலின் கீழே மார்கரீத் கட்டிய கோயிலின் கல் அத்திவாரம் இருந்தது. ஊரைச் சுற்றிக் கட்டிய பழைய மரவேலியின் அடையாளமும் இருந்தது. அதற்கும் கீழே, பழங்குடி மக்கள் ஆற்றங்கரையில் தங்கி நெருப்பு மூட்டிய இடம். அது 2000 வருடங்களுக்கும் மேலே பழையது!

நான் கணினி நிரல் எழுதும் வேலை செய்கிறேன். எங்கள் வேலையில் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பழைய பதிப்பை அழிக்காமல் கீழே வைத்திருப்போம். இந்த நிலமும் அப்படித்தான் செய்திருக்கிறது. மேலே இருப்பது புதிய பதிப்பு, அவ்வளவுதான். இதை மகளுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். அவளுக்குப் பழங்குடி மக்களின் நெருப்பு மட்டும்தான் பிடித்தது. "அவையள் மீன் சுட்டிருப்பினமோ?" என்று கேட்டாள். சுட்டிருக்கலாம். ஆறு பக்கத்தில்தானே.

பிறகு நானும் மகளும் கோபுரத்தில் ஏறினோம். அவள் படிகளை எண்ணிக்கொண்டு வந்தாள், நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டது. மேலே நல்ல காற்று. சென்-லோரன் ஆறு, துறைமுகம், பாலம் எல்லாம் தெரிந்தன. மாமிக்கு முழங்கால் நோ. அவர் ஏறவில்லை.

இறங்கி வந்தபோது மாமி கப்பல் விளக்குகளுக்குக் கீழே ஒரு வாங்கில் இருந்தார். மகள் போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

"அம்மம்மா, உங்கட கொட்டில்ல எத்தினை பிள்ளையள்?"

"முப்பத்திநாலு."

"பேர் எல்லாம் ஞாபகம் இருக்கோ?"

"ஏன் இல்லாம?"

மெத்ரோவில் மாமி சொல்லத் தொடங்கினார். முதல் வாங்கில் இருந்தவர்கள், இரண்டாம் வாங்கில் இருந்தவர்கள் என்று இல்லை, எல்லோரும் சாக்கில்தான் இருந்தார்கள். ஆனால் யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார். ஒருவன் கெட்டிக்காரன், ஒருத்தி நல்லாப் பாடுவாள், ஒருவன் மாட்டுக்கு வைக்கோல் போடுகிறேன் என்று அடிக்கடி எழும்பிப் போவான். மகள் விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். நாங்கள் ஜான்-தாலோன் நிலையத்தில் இறங்கி நீல வழிக்கு மாறவேண்டும். கதவு மூடிய பிறகுதான் பார்த்தேன். ஜாரி வரைக்கும் போய்விட்டோம். அப்போது மாமி இருபத்தாறாவது பெயரில் நின்றார்.

புதிய சொற்கள்

சகாயம் – உதவி
நேர்த்தி – "இது நடந்தால் இதைத் தருவேன்" என்று கடவுளிடம் சொல்லி வைப்பது
மாலுமி – கப்பலில் வேலை செய்பவர்
அத்திவாரம் – கட்டடத்துக்கு நிலத்தில் போடும் அடிப்பகுதி
உளுத்துப்போன – பூச்சி அரித்துப் பலம் இல்லாமல் போன (மரம்)
தொழுவம், கொட்டில் – மாடு கட்டும் இடம்
பரண் – கூரைக்குக் கீழே உள்ள மேல்தட்டு
இடம்பெயர்தல் – இருந்த ஊரை விட்டு வேறு ஊருக்குப் போகவேண்டி வருதல்
ஆயர் – கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு பெரிய பகுதியின் தலைவர்
வாங்கு – நீளமான இருக்கை

பேச்சும் எழுத்தும்

மாமி பேசுவது யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழ். எழுதும்போது கொஞ்சம் மாற்றுவோம்.

"நானும் படிப்பிச்சனான்." – நானும் படிப்பித்தேன்.
"ஆக்கள் வருகினம்." – ஆட்கள் வருகிறார்கள்.

இவற்றை நீங்கள் எழுத்துத்தமிழில் மாற்றுங்கள்:
"தன்ர மாட்டை வெளியில கட்டிப்போட்டார்."
"நெருப்பில எரியேல்ல."
"எல்லாரும் போவினம்."

உங்கள் வீட்டில் வேறு மாதிரிப் பேசினால், அதையும் பக்கத்தில் எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டலாம்.

கேள்விகள்

1. மார்கரீத் 1653இல் வந்தும் 1658 வரை ஏன் பள்ளிக்கூடம் தொடங்கவில்லை?
2. எரிந்த கோயிலைத் திரும்பக் கட்டத் தொடங்கும் வரை எத்தனை வருடம் சென்றது? கணக்குப் பாருங்கள்.
3. கோயிலுக்குள் கப்பல் விளக்குகள் ஏன் தொங்குகின்றன?
4. தென்மராட்சியில் இருந்த பள்ளிக்கூடங்களில் மாமி ஏன் படிப்பிக்கவில்லை?
5. மாட்டுக்கொட்டிலில் கரும்பலகைக்குப் பதிலாக மாமி எதைப் பயன்படுத்தினார்?

செய்து பாருங்கள்

உங்கள் அம்மம்மா, அப்பம்மா, தாத்தா, அல்லது தெரிந்த பெரியவர் ஒருவரிடம் அவர் படித்த முதல் வகுப்பறை எப்படி இருந்தது என்று கேளுங்கள். தரை எது, கூரை எது, பக்கத்தில் யார் இருந்தார் என்று கேட்க மறக்கவேண்டாம். அதைப் படமாகக் கீறி, கீழே ஐந்து வசனம் எழுதுங்கள். நேரில் கேட்க முடியாவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள். அங்கே இரவு நேரமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.